தும்பு கட்டாத மரியாதை

1. நானும் என் தோழியும் மோட்டார் படகு ஓட்டும் உரிமம் வாங்குவதற்காக ஓர் அணைக்குப் பயிற்சிக்குப் போனோம்.
2. அங்கே பயிற்சி கொடுத்தவர் எங்களை மிகுந்த மரியாதையோடு நடத்தினார்.
3. அந்த மரியாதையால் என் தோழியின் இடது கால் கெண்டைச்சதை கிழிந்தது.
4. அவர் தினமும் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்.
5. என்னை ஒரு பொய் சொல்லச் சொன்னார். அதையும் மரியாதையாகத்தான் கேட்டார்.
6. நான் சொல்லவில்லை.

நான் கோவையில் மோட்டார் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். எது முதலில் பழுதானது, அதனால் அடுத்து எது பழுதானது என்று வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் விளங்கும். மேலே உள்ள வரிசையைக் கேட்டவர்கள் எல்லோரும் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றுவிடுகிறார்கள். மரியாதை எப்படி ஒரு காலைக் கிழிக்கும் என்கிறார்கள். அதற்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டும்.

சத்தியமங்கலம் போகும் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போனால் வரும் அணை அது. கரையில் ஒரு தகரக் கொட்டகை, மிதக்கும் படகுத்துறை, வெள்ளையும் நீலமுமாக ஒரு மோட்டார் படகு. பயிற்சியாளருக்கு அறுபது வயதிருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படகில் ஏறுவார். நாங்கள் கழற்றப் போனால் பதறுவார்.

"ஐயோ, நீங்க போட்டுக்கங்க அம்மணி. கால் சுடுமுங்க."

முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி எந்த ஊர் என்பது. என் தோழி, காரமடைப் பக்கம் தோட்டம் என்றும் அப்பாவுக்கு ஒரு நூல் மில் இருக்கிறது என்றும் சொன்னாள். எந்த மில் என்று கேட்டார். சொன்னதும் அவர் முதுகு நிமிர்ந்தது, கை தானாகக் கூம்பியது.

"அட, நம்ம ஊட்டுப் புள்ளைங்களா! அப்பாரு சவுக்கியமுங்களா?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மணிக்கு?"

"போத்தனூருங்க."

"அதுக்கு முன்னால எந்த ஊருங்க?"

"அதுக்கு முன்னாலயும் போத்தனூர்தானுங்க. அப்பா ரயில்வேல இருந்தாரு."

"அது செரீங்க," என்றார். ரயில்வே குடியிருப்பில் எல்லா ஊர்க்காரர்களும் இருப்பார்கள். என்னை எந்தப் படியில் நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. யோசித்துக்கொண்டே இளநீர் வெட்டிக் கொடுத்தார். நீந்தத் தெரியுமா என்று எங்கள் இருவரிடமும் அவர் கடைசிவரை கேட்கவில்லை.

நாங்கள் அங்கே போனதற்குத் தனித்தனிக் காரணங்கள் இருந்தன. என் தோழியின் வீட்டார் அதே நீர்த்தேக்கத்தின் மறுகரையில் ஒரு பண்ணை வீடு கட்டி, பொழுதுபோக்குக்காகச் சிறிய மோட்டார் படகு ஒன்றும் வாங்கியிருந்தார்கள். அதை அவளே ஓட்ட ஆசைப்பட்டாள். எங்கள் கம்பெனி, பெட்ரோல் இல்லாமல் மின்கலத்தில் ஓடும் படகு மோட்டார் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. அதன் கட்டுப்பாட்டுப் பகுதி என் வேலை. உரிமம் உள்ளவர்தான் சோதனைப் படகை ஓட்டலாம் என்பது விதி. அதனால் கூலிக்கு வந்த ஒருவர் ஓட்டுவார், நான் பின்னால் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "இப்ப எப்பிடி இருந்துச்சு, இழுத்துச்சா?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்பார். நல்லாத்தான் இருந்துச்சு என்பதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? நான் செய்த மோட்டார் திருப்பத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பது என் கையில் தெரிய வேண்டும். உரிமம் எனக்குத் தேவைப்பட்டது.

எங்கள் குழுவில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அந்த அணையிலேயே பரிசல் ஓட்டிக்கொண்டிருந்தவர், முப்பது வயதைத் தாண்டியவர். சுற்றுலாப் படகில் வேலை காலியிருந்தது. உரிமம் இருந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

இப்போது அந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோட்டார் படகில் ஓட்டுநரின் பக்கத்தில் சிவப்பு நிறத்தில் சுருள் சுருளாக ஒரு கயிறு இருக்கும். ஒரு முனை எஞ்சினை நிறுத்தும் பொத்தானில் செருகியிருக்கும். மறுமுனையை ஓட்டுபவர் முழங்காலிலோ மிதவைச் சட்டையிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு இழுபட்டுச் செருகல் பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும். அதை மாட்டாமல் விழுந்தால் படகு தானாகப் போய்க்கொண்டிருக்கும். நேராகவும் போகாது. திரும்பிய வாக்கிலேயே வட்டமடித்து, விழுந்தவர் கிடக்கும் இடத்துக்கே வரும். மோட்டார் படகு பற்றிய எந்தப் பாடத்திலும் இதுதான் முதல் பாடம்.

பரிசல்காரர் ஓட்ட உட்கார்ந்ததும் பயிற்சியாளர் சத்தம் போடுவார்.

"டேய், மாட்றா மொதல்ல!"

தானே குனிந்து அவர் முழங்காலில் சுற்றி மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். பிறகுதான் சாவி கொடுப்பார். அதில் ஒரு நாளும் பிசகியதில்லை.

என் தோழி உட்கார்ந்தபோது அதே கயிற்றை எடுத்து, வேகக்கோலின் அடியில் இருந்த ஒரு கொக்கியில் மாட்டினார்.

"இது எம் மேல மாட்டறதில்லீங்களா?" என்று அவள் கேட்டாள்.

அவர் சிரித்தார். "தும்புங்க அம்மணி இது. மாடு கன்னுக்குக் கட்டறதாட்ட. நம்ம ஊட்டுப் புள்ளையத் தும்புல கட்டிப்போட்டு நான் பக்கத்துல உக்காந்திருந்தா, பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க? நானிருக்கறனுங்க, நீங்க ஓட்டுங்க."

என்னை முதல் இரண்டு வாரமும் கட்டினார். "கோவிச்சுக்காதீங்க அம்மணி" என்று சொல்லிக் கட்டினார், ஆனாலும் கட்டினார். மூன்றாவது வாரம், மோட்டார் செய்யும் என்ஜினியர் நான் என்று தோழி அவரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டாள். "மோட்டாரே நீங்க செய்யறதுங்களா!" என்று வியந்தார். அன்று என்னை அவிழ்த்துவிட்டார். எனக்கும் ஒரு படி கிடைத்துவிட்டது. கயிறு கொக்கிக்குப் போனது.

நான் அதை எடுத்து என் முழங்காலில் மாட்டிக்கொண்டேன். அவர் முகம் வாடியது.

"அம்மணிக்கு நம்ம மேல நம்பிக்கை இல்லீங்களாட்ட இருக்குது."

"உங்க மேல இருக்குதுங்க. தண்ணி மேலதான் இல்லீங்க."

பரிசல்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உனக்கென்னடா சிரிப்பு?" என்று அவரை அதட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நான் மாட்டினேன். ஒவ்வொரு முறையும் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார், நான் ஏதோ அநாகரிகமாக நடந்துகொண்டதுபோல.

திரும்பி வரும்போது காரில் தோழியிடம் சொன்னேன். "அடுத்த வாரம் நீயும் மாட்டு."

"விடு புள்ள. பெரியவரு, மனசு சங்கடப்படும். பக்கத்துலதான உக்காந்திருக்கறாரு."

"உக்காந்து? முதுகைத்தான காட்டறாரு?"

அதுவும் உண்மை. அவள் ஓட்டும்போது அவர் படகின் முன்பகுதியில், அவளுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். அந்த வீட்டுப் பெண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டு உட்காருவது சரியில்லையாம். பரிசல்காரர் ஓட்டும்போது அவர் தோளுக்குப் பின்னாலேயே நிற்பார்.

அவரால் எங்களை அதட்ட முடியாது. தண்ணீரில் கட்டளை என்றால் ஒரே சொல்லாக இருக்க வேண்டும். நிறுத்து, திருப்பு, குறை. எங்களுக்கு அவர் சொன்னதெல்லாம் கடிதம்போல இருக்கும். நீர் வற்றியிருந்த ஒரு நாள், மூழ்கிப்போன பனைமரத்தின் மொட்டைத் தலை ஒன்று எங்கள் வழியில் துருத்திக்கொண்டிருந்தது. ஓட்டியது தோழி.

"அம்மணி, சித்த முன்னால பாத்தீங்கன்னா, அங்க ஒரு பனைமரமாட்டத் தெரியுது பாருங்க, அதுக்கு இந்தப் பக்கமா வேணும்னா நாம கொஞ்சம்…"

படகு மரத்தில் மோதி நின்றது. அவர் எழுந்து அவளிடம்தான் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த சுற்று பரிசல்காரருடையது. அதே மரம். "வலது!" என்றார் பயிற்சியாளர். ஒரு சொல். படகு திரும்பியது. அவருக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. அதை நான் கவனித்து வைத்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வரும். அரிசிம்பருப்பு சாதம், நெய், அப்பளம். வேண்டாம் என்றால் அவர் கண் கலங்கிவிடும். எங்களுக்கு நாற்காலி போட்டு, பரிமாறி முடித்த பிறகுதான் அவர் சாப்பிடுவார். பரிசல்காரருக்கும் அதே சாதம்தான், அதே நெய்தான். படகுத்துறையின் அந்த ஓரத்தில் உட்காரச் சொல்லிக் கொடுப்பார்.

அப்படிச் சாப்பிடும்போதுதான் தன் பழைய கதையைச் சொன்னார். படகுக்கு வருவதற்கு முன்னால் திருச்செங்கோட்டு போர்வெல் லாரியோடு வடக்கே ஊர் ஊராகப் போயிருக்கிறார். அவரிடம் ஒரு குழுவே வேலை செய்திருக்கிறது.

"எம் வண்டில ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆக உட்டதில்லீங்க. மேல ஏறறவன் எவனா இருந்தாலும் இடுப்புல கயித்தக் கட்டித்தான் ஏத்துவேன். கட்டலீன்னா கன்னத்துல ஒண்ணு உடுவேன். கயிறுதானுங்க உசுரு."

நான் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். "அப்ப எங்களுக்கு மட்டும் ஏனுங்க கொக்கில மாட்டறீங்க?"

"அவனுங்க வேலைக்காரனுங்க அம்மணி," என்றார். இவ்வளவு படித்தவள் இதைக்கூடக் கேட்கிறாளே என்ற ஆச்சரியம் அவர் குரலில் இருந்தது.

விபத்து நடந்த ஞாயிற்றுக்கிழமை காற்று இருந்தது. தோழியின் அப்பாவும் அம்மாவும் மகள் ஓட்டுவதைப் பார்க்க வந்திருந்தார்கள். அதனால் பயிற்சியாளரின் மரியாதை அன்று இன்னும் ஒரு படி ஏறியிருந்தது. படகில் அவளும் அவரும் மட்டும். நானும் பரிசல்காரரும் எங்கள் முறைக்காகப் படகுத்துறையில் நின்றோம்.

அவள் இரண்டு முறை அழகாகப் போய் வந்தாள். மூன்றாம் முறை திரும்பும்போது, கரையில் நின்ற அம்மா கையசைத்தார். அவளும் ஒரு கையைத் தூக்கினாள். படகு தான் கிளப்பிய அலையின்மேலேயே குறுக்காக ஏறியது. அவள் பக்கவாட்டில் தண்ணீரில் போய் விழுந்தாள். அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

எஞ்சின் நிற்கவில்லை. படகு வட்டமடித்தது. அந்த ஆட்டத்தில் அவர் படகின் தரையில் விழுந்தார். எழுந்து, தவழ்ந்து, பின்னால் வந்து கொக்கியிலிருந்த கயிற்றைப் பிடுங்குவதற்குள் படகு அவள்மேல் வந்துவிட்டது. மிதவைச் சட்டை அவள் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருந்தது. கால் கீழே இருந்தது.

அதன் பிறகு அவர் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சட்டையோடு குதித்தார். "பரிசலக் கொண்டாடா!" என்று கத்தினார். அவளைத் தூக்கிப் பரிசலில் போட்டு, சட்டையைக் கிழித்துக் கால் முழுக்க இறுக்கிக் கட்டினார். ரத்தம் நின்றது. கோவைக்குப் போகும் வழி முழுக்க அந்தக் காலைத் தன் மடியில் உயர்த்திப் பிடித்திருந்தார். இவ்வளவு நன்றாக அவருக்குக் கட்டத் தெரியும். அதனால் என் கோபம் குறையும் என்று நினைப்பவர்கள் இன்னொரு முறை யோசிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். அறை வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். தோழியின் அப்பா உருகிப் போனார். "எத்தன பெரிய மனுசன் பாரு, எப்பிடி நிக்கறாரு பாரு" என்றார். நரம்பு ஒன்று அறுந்திருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒரு நாள் பயிற்சியாளர் கேன்டீனில் என்னைத் தனியாகப் பார்த்தார். விசாரணைக்கு ஓர் அதிகாரி வரப்போகிறார் என்றார்.

"கயிறு காலுல மாட்டியிருந்துச்சு, அறுந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க அம்மணி. அறுந்தா எஞ்சின் நிக்காதுங்கறது உங்களுக்குத் தெரியாததுங்களா."

உண்மைதான். நடுவில் அறுந்தால் செருகல் அப்படியே இருக்கும், எஞ்சின் ஓடும். அவர் நன்றாக யோசித்திருந்தார்.

"நான் எப்பிடிங்க அதச் சொல்றது?"

"உங்க டெஸ்ட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டாத்தானுங்க ஆகும். அதுக்காகச் சொல்லலீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க."

"அப்ப எதுக்காகச் சொல்றீங்க?"

எனக்கு முன்னால் இருந்த காபியை இன்னும் என் பக்கம் நகர்த்தி வைத்தார். "ஆறிப்போகுது, குடிங்க தாயி."

மிரட்டலைக்கூட மிரட்டலாகச் செய்ய அவருக்கு வரவில்லை. எதிரே ஒருவர் கத்தினால் திருப்பிக் கத்தலாம். காபி ஆறிப்போகிறது என்பவரிடம் என்ன செய்வது?

விசாரணை அந்தத் தகரக் கொட்டகையிலேயே நடந்தது. தோழி ஆஸ்பத்திரியிலிருந்து, ஞாபகமில்லை என்று சொல்லியனுப்பியிருந்தாள். அவள் அப்பா, நடந்தது நடந்துவிட்டது, பெண்ணின் பேர் நாலு இடத்தில் அடிபட வேண்டாம் என்றார். பரிசல்காரர், "நான் பாக்கலீங்க" என்றார். மேசைமேல் சிவப்புக் கயிறு இரண்டு துண்டாகக் கிடந்தது.

இழுபட்டு அறுந்த கயிற்றின் முனை பிசிறு பிசிறாக விரிந்திருக்கும். கத்தியால் வெட்டியது பிசிறில்லாமல் நேராக இருக்கும். எங்கள் சோதனைப் பிரிவில் புதிதாகச் சேருபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்போம். அதிகாரியிடம் இரண்டு முனைகளையும் காட்டினேன். கயிறு அவளுக்கு எந்த வாரமும் மாட்டப்படவில்லை என்றும், கொக்கியில்தான் இருந்தது என்றும், இது பிறகு வெட்டப்பட்டது என்றும் சொன்னேன்.

நான் வெளியே வந்தபோது பயிற்சியாளர் பின்னாலேயே வந்தார்.

"வெயிலா இருக்குது அம்மணி. தண்ணி குடிச்சுட்டுப் போங்க."

சொம்பை நீட்டினார். என் வாழ்க்கையில் யார் கொடுத்த தண்ணீரையும் நான் மறுத்ததில்லை. அன்று மறுத்தேன்.

பயிற்சி நிறுத்தி வைக்கப்பட்டது. எங்கள் மூவரின் பயிற்சி நேரமும் செல்லாது என்று அறிவித்தார்கள். பரிசல்காரர் பேருந்து நிறுத்தம் வரைக்கும் என்னோடு நடந்தார்.

"உங்களுக்கு ஒரு காயிதம் போச்சு. எனக்கு வேலை போச்சுங்க."

"அவரு உங்களை எங்க உக்காரவெச்சுச் சோறு போட்டாருன்னு நான் பாத்தனுங்க," என்றேன்.

"பாத்தீங்கல்ல? எனக்கும் தெரியுமுங்க. ஆனா எனக்குக் கயித்த மாட்டி உட்டாரு, எங் காலு நல்லா இருக்குது. எனக்கு அவரு மேல கோவம் இல்லீங்க. உங்க மேலதானுங்க."

அந்தக் கோபம் நியாயமானது என்று இன்றும் நினைக்கிறேன். அதையும் சேர்த்துத்தான் அந்த வெள்ளைச் சட்டைக்காரர்மேல் எனக்குக் கோபம். எங்களில் யாருக்கு மாலை, யாருக்குக் கயிறு என்று பிரித்தது அவர். கடைசியில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூசினோம்.

இப்போதைய நிலை இது. ஒரு குரலுக்கு எதிராக மூன்று குரல்கள் இருந்ததால் பயிற்சியாளரை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அவர் அதே படகுத்துறையில் பயிற்சி கொடுக்கிறார். பரிசல்காரர் மறுபடி சேர்ந்து தேறி, சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். என் தோழி நடக்கிறாள், பாதம் முழுதாக மேலே வருவதில்லை. பெரியவரை நான் அவமானப்படுத்திவிட்டதாக அவள் வீட்டில் பேச்சு, அவளும் மறுக்கவில்லை. அவர் கையெழுத்துக்கு நான் போகவில்லை. கடலோரத்தில் உள்ள ஒரு பயிற்சி மையத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன், இன்னும் அழைப்பு வரவில்லை. எங்கள் மோட்டார் விற்பனைக்கு வரப்போகிறது. அதன் கடைசிக் கட்டச் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. படகை வேறொருவர் ஓட்டுகிறார். எனக்கு உரிமம் இல்லை.